டிரெய்லர் மட்டும் உள்ள படம்

மணப்பெண்ணின் அப்பாவிடம் நான் சொன்னது இதுதான்: "ஏனுங்க, இன்னொருக்கா கண்ணத் தொடச்சுக்கிறீங்களா?"

காங்கேயம் பக்கம் ஒரு மண்டபம். வைகாசி முகூர்த்தம். மேடையில் மங்கல வாழ்த்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து, வாழைமரத்துக்குப் பின்னால் போய் நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். நான் பார்த்துவிட்டேன். ஆனால் கேமராவின் ஃபோகஸ் வாழையிலையில் போய் உட்கார்ந்துவிட்டது. இலை துல்லியம், மனிதர் மங்கல். அதனால்தான் அப்படிக் கேட்டேன். அவர் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு சொன்னபடி துடைத்துக் காட்டினார். மரியாதை தெரிந்த மனிதர், கூப்பிட்டு வந்த தம்பியிடம் மறுத்துப் பேசமாட்டார். அந்த இரண்டாவது துடைப்புதான் ஹைலைட்ஸில் இருக்கிறது. 100 ஃப்ரேமில் எடுத்து 25இல் ஓட்டியது, ஒரு நொடி நான்கு நொடியாக நீளும். பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது என்றார்கள்.

எனக்கு வரவில்லை. 'ஷாட் கிடைச்சுடுச்சு' என்று மட்டும் தோன்றியது. அன்று இரவு சரவணம்பட்டிக்கு வண்டி ஓட்டி வரும்போது நண்பனிடம் இதைச் சொன்னேன். கம்பெனி அவனுடையது. நான் வாரம் ஐந்து நாள் கோடு எழுதிவிட்டு, முகூர்த்த நாட்களில் அவனுடைய இரண்டாவது கேமராவாக ஓடுகிறவன். அவன் சிரித்தான். "உனக்கு இப்பத்தான் வந்துச்சா? எனக்கு வந்து ரெண்டு வருசமாச்சு."

அந்த 'வந்தது' என்ன என்று யோசித்ததில் எழுதுவது இது. யோசிக்க யோசிக்க, இது எங்கள் மனநிலை பற்றிய விஷயம் என்பதைவிட நாங்கள் செய்துகொண்டிருந்த கலைவடிவம் பற்றிய விஷயம் என்றுதான் படுகிறது. கல்யாண வீடியோவுக்கு யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்று கேட்கலாம். ஒரு சராசரி கொங்குக் குடும்பம் தன் வாழ்நாளில் காசு கொடுத்துத் தயாரிக்கும் ஒரே சினிமா அதுதான். எழுதாமல் விட்டதுதான் ஆச்சரியம்.

ஒரு ஹைலைட்ஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ட்ரோன் மண்டபத்தின் மேலிருந்து இறங்கும். புடவை ஹேங்கரில் தொங்கும். வளையல், ஒட்டியாணம், செருப்பு. மேக்கப் அறையில் பெண் கண்ணாடியைப் பார்ப்பாள், கண்ணாடி வழியாக நாம் அவளைப் பார்ப்போம். மாப்பிள்ளை சட்டைக் கைப்பட்டனைப் போடுவார். நண்பர்கள் அவரைத் தூக்கிப் போடுவார்கள். பாட்டு ஏறும். தாலி, அட்சதை, அப்பாவின் கண். பாட்டு இறங்கும். மாலையில் இருவரும் ஏதோ ஒரு தென்னந்தோப்பில் நடந்து போவார்கள். நான்கு நிமிடம்.

இந்த இலக்கணத்தைக் கண்டுபிடித்தது எந்த மண்டபத்துக் கேமராமேனும் இல்லை. இது டிரெய்லரின் இலக்கணம். ஒவ்வொரு ஷாட்டும் 'பின்னால் ஏதோ பெரிதாக வரப்போகிறது' என்று சொல்லும், அடுத்த ஷாட்டும் அதையே சொல்லும். சினிமா டிரெய்லருக்குப் பின்னால் இரண்டரை மணி நேரப் படம் ஒன்று காத்திருக்கிறது. நாங்கள் எடுப்பதற்குப் பின்னால் எதுவும் இல்லை. இல்லாத படத்துக்கு, வருடத்துக்கு நாற்பது டிரெய்லர்.

சத்தத்தைக் கவனியுங்கள். நாங்கள் வைத்திருந்த கேமராக்களில் அதிக ஃப்ரேமில் ஸ்லோமோஷன் எடுக்கும் மோடில் ஒலி பதிவாகாது. பதிவானாலும் நான்கு மடங்கு இழுத்த நாதஸ்வரத்தை வைத்து என்ன செய்வது? அதனால் எல்லாக் காட்சிக்கும் மேலே ஒரு சினிமாப் பாட்டு. இரண்டு நாள் நடந்த கல்யாணத்தில் பேசிய ஒரு வார்த்தைகூட மிஞ்சாது. 1905இல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். அவர் காட்டியதும் மௌனப் படங்கள்தான், அன்று வேறு வழியில்லை. நூறு வருடம் கழித்து அதே ஊரில், இரண்டு மைக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய் மௌனப் படம் எடுத்துத் தருகிறோம்.

பழைய வீடியோவைக் கிண்டல் செய்தே வளர்ந்தவர்கள் நாங்கள். தோளில் விஎச்எஸ் கேமரா, பின்னால் ஒரு பையன் கண்கூச வைக்கும் ஹாலஜன் லைட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பான், ஒயர் இன்னொருத்தன் கையில். பிறகு 'மிக்சிங்'. இதயத்துக்குள்ளிருந்து மணமக்கள் வெளியே வருவார்கள், தாமரை விரிந்தால் மாமனார் தெரிவார். இதெல்லாம் சிரிப்புக்குரியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடியோ என்ன வேலை செய்தது என்று பார்த்தால், அது மொய் நோட்டுக்கு அக்கா தங்கை. யார் வந்தார்கள், யாரோடு வந்தார்கள், எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள். கேமரா பந்தியில் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை ஒரு முகம் விடாமல் நகரும். வாயில் இட்லியோடு மாட்டிக்கொண்டவர்கள் கையால் மறைப்பார்கள். அழகில்லை. ஆனால் முப்பது வருடம் கழித்து அந்தக் கேசட்டை மாற்றிய டிவிடியைப் போட்டால் வீட்டில் இருப்பவர்கள் மணமக்களைப் பார்ப்பதே இல்லை. "அதோ பாரு சின்னய்யன்", "இவரு நம்ம பல்லடத்து மாமனல்ல?" என்று பந்தியைத்தான் பார்ப்பார்கள்.

அந்த வடிவம் ஏன் போனது? ரசனை உயர்ந்தது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் பதில். கம்ப்யூட்டர்க்காரனான எனக்கு மெஷின் மேல்தான் சந்தேகம். ஒரு விஎச்எஸ் கேசட் மூன்று மணி நேரம் ஓடும். 2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2தான் போட்டோ கேமராவில் சினிமா மாதிரி பின்னணி மங்கிய வீடியோவைக் கல்யாணக் கேமராமேன் கைக்குக் கொண்டுவந்தது. அது ஒரு கிளிப்பை 4 ஜிபிக்கு மேல் எழுதாது, சுமார் 12 நிமிடம். அதற்குப் பின் வந்த பல கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் நின்றுவிடும். 30 நிமிடம் எடுத்தால் அன்று ஐரோப்பாவில் அது வீடியோ கேமரா என்று கணக்காகி அதிகச் சுங்கவரி விழுந்தது, அதுதான் காரணம். எங்கேயோ போட்ட வரிக்காகப் பெருந்துறையில் இணைச்சீர் பாதியில் அறுந்தது. முழுதாக எடுக்க முடியாத கருவி கைக்கு வந்தபோது, துண்டு துண்டாக எடுப்பதுதான் கலை என்று நாங்கள் நம்ப ஆரம்பித்தோம். வரம்பை அழகியல் என்று எண்ணிக்கொள்வது மென்பொருளிலும் தினமும் நடப்பதுதான்.

2017 டிசம்பரில் இத்தாலியில் விராட் கோலி – அனுஷ்கா சர்மா கல்யாணம். அந்த வீடியோவுக்குப் பின் கவுந்தப்பாடியில் நடக்கும் கல்யாணத்துக்கும் 'அந்த டோன் வேணுங்ணா' என்று கேட்டார்கள். வெளிர் ரோஜா, வெளிர் பச்சை. எங்கள் ஊர்க் கல்யாணம் மஞ்சளும் சிவப்பும். அந்த டோனைப் போட்டால் குங்குமம் காய்ந்த ரத்தம் மாதிரி ஆகிவிடும், மஞ்சள் கிழங்கு சந்தனமாகிவிடும். போட்டுக் கொடுத்தோம். நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இனி களைப்புக்கு வருகிறேன்.

ஐடியில் 'பர்ன்அவுட்' என்ற சொல்லை டீ குடிப்பது போலச் சொல்வோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்த நிலை என்று வகைப்படுத்தி மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வடிந்துபோவது, வேலை மேல் விலகலும் கசப்பும், செய்யும் திறன் குறைந்தது என்ற உணர்வு. நண்பனிடம் இரண்டாவது முழுசாக இருந்தது. முதலாவது சீசனைப் பொறுத்தது. மூன்றாவது இல்லவே இல்லை. அவன் திறன் கூடிக்கொண்டே போனது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு டீசர் வெட்டுவான். அதுதான் பயமாக இருந்தது.

வழக்கமாகச் சொல்லும் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆடியும் மார்கழியும் வருமானம் பூஜ்யம், கேமரா இஎம்ஐக்கு ஆடி மார்கழி தெரியாது. தையிலும் ஆவணியிலும் ஒரே நாளில் மூன்று முகூர்த்தம், கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டும். முன்னால் இரவு ரிசப்ஷன் முடிந்து கார்டை காப்பி போட்டுப் படுக்க ஒரு மணி, மூன்றரைக்கு எழ வேண்டும். ஆல்பம் வாங்கும்வரை மீதிப் பணம் வராது, குழந்தைக்குக் காது குத்தும்போது வந்து ஆல்பம் வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் இவை எல்லாம் சமையல்காரருக்கும் உண்டு, பந்தல்காரருக்கும் உண்டு. அவர்களும் களைத்துப் போகிறார்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது. எங்களுக்குத் தூங்கி எழுந்த பிறகும் இருந்தது.

வித்தியாசம் இதுவென்று நினைக்கிறேன். சமையல்காரரிடம் யாரும் 'இதுவரை யாரும் சாப்பிடாத ரசம் வேண்டும்' என்று கேட்பதில்லை. எங்களிடம் ஒவ்வொரு குடும்பமும் கேட்பது 'எங்க வீடியோ தனியாத் தெரியணும்'. கூடவே போனில் வேறு யாருடைய வீடியோவையோ காட்டி, 'இது மாதிரி'. தனியாகவும் தெரிய வேண்டும், அது மாதிரியும் இருக்க வேண்டும். இந்த முடிச்சுக்கு ஒரே தீர்வு, உணர்ச்சியை ஏற்றிக் காட்டுவது. உச்சங்களை மட்டும் அடுக்குகிற வடிவத்தில் எடுக்கிறவன் வாழ்வதும் உச்சங்களில் மட்டும்தான். அடுத்தவர்களின் உச்சங்களில். இடையில் இருக்கும் நேரம், நாற்காலி இழுப்பது, பூக்காரம்மா சண்டை, பெரியவர் கொட்டாவி விடுவது, எல்லாம் 'வேஸ்ட் புட்டேஜ்'. ஆனால் பார்க்கிறவனின் கண் இளைப்பாறுவது அங்கேதான். நாங்கள் வெட்டி எறிந்தது எங்களுடைய ஓய்வை.

டக் பிளாக் என்ற நியூயார்க் ஆவணப்பட இயக்குநர் தன் படங்களுக்குப் பணம் சேர்க்க இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்தார். 112 கல்யாணம். பிறகு அவர்களில் சில ஜோடிகளைத் தேடிப் போய் 'என்ன ஆச்சு?' என்று கேட்டார். '112 வெட்டிங்ஸ்' என்ற அந்தப் படம் 2014இல் வந்தது. எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் பார்க்க வேண்டிய படம், அதே நேரம் எனக்கு அதன் மேல் ஒரு மனத்தாங்கலும் உண்டு.

படத்தின் முறை எளியது. கல்யாண நாள் காட்சி, உடனே பல வருடம் கழித்து அதே இருவர் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில். சிலர் பிரிந்துவிட்டார்கள், ஒருவர் மட்டும் வந்து உட்கார்கிறார். மனச்சோர்வு சில வீடுகளுக்குள் வந்துவிட்டிருக்கிறது. பேசும்போது அவர்கள் கேமராவைப் பார்க்கிறார்களா, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார்களா என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது. கல்யாண நாளில் குடும்பத்தில் ஒருவனைப் போல உள்ளே இருந்துவிட்டு, அதன்பின் அவர்களைப் பார்க்காமலே போய்விடும் விநோதத்தைப் பிளாக் சரியாகப் பிடித்திருக்கிறார். எனக்குத் தெரிந்து அதை வேறு யாரும் சொல்லவில்லை.

என் மனத்தாங்கல், 112 கல்யாணம் அவரை என்ன செய்தது என்ற கேள்விக்குள் அவர் போவதே இல்லை என்பது. கல்யாணங்கள் பிழைத்தனவா என்று கேட்கிறார். எடுத்தவன் பிழைத்தானா? ஒருவேளை அவருக்கு அந்தப் பிரச்சினை வந்திருக்காது. அவர் எடுத்த பழைய காட்சிகளைப் பார்த்தால் காரணம் புரிகிறது. அதில் ஆட்கள் பேசுகிறார்கள். பெண் பதற்றத்தில் அவரிடமே ஏதோ சொல்கிறாள். கேமரா ஆடுகிறது, காத்திருக்கிறது. ஆவணப்படக்காரர் கல்யாணத்தையும் ஆவணமாகத்தான் எடுத்திருக்கிறார், அதனால்தான் இருபது வருடம் கழித்தும் அதில் பார்ப்பதற்கு ஏதோ இருக்கிறது. என்னுடைய நாற்பது ஹைலைட்ஸை எடுத்துக்கொண்டு நான் பொள்ளாச்சிக்கோ கொடுமுடிக்கோ போய் ஒரு தம்பதி முன்னால் போட்டால் அதிலிருந்து எந்தக் கேள்வியும் பிறக்காது. அவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லையே.

இங்கேதான் எனக்கு மங்கல வாழ்த்து ஞாபகம் வருகிறது. கொங்கு வேளாளர் கல்யாணத்தில் குடிமகன் எனப்படும் நாவிதர் பாடும் நீண்ட பாட்டு. கம்பர் பாடிக் கொடுத்தது என்பது இங்குள்ள நம்பிக்கை. அவர் ஒரு அடி சொல்லி நிறுத்துவார், மேளம் ஒரு தட்டு தட்டும், அடுத்த அடி. கல்யாணச் சீர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். யோசித்துப் பார்த்தால் அதுதான் எங்கள் ஊரின் முதல் கல்யாண வீடியோ. எந்தக் குடும்பத்துக்கும் தனியாக இல்லை, எல்லோருக்கும் அதே. நாற்பது வருடமாக அதையே பாடும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். சலிப்பே இல்லாமல், கொஞ்சம் வேகமாக, நடுவில் வெற்றிலை எச்சிலை விழுங்கிக்கொண்டு. புதிதாக ஏதாவது சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. 'பார்த்தீர்களா, படைப்பாளியாக இருக்கவேண்டிய பாரம்தான் எரிக்கிறது' என்று ஒரு கட்டுரைக்கான முடிவு எனக்கு அன்றைக்கே கிடைத்துவிட்டது.

நண்பனிடம் சொன்னேன். அவன் எடிட்டிங்கை நிறுத்தாமலே கேட்டான்: "அவருகிட்டப் போயி கேட்டியா? அவரு வேண்டாம்னு சொல்லி வேற வேலைக்குப் போயிருக்க முடியுமா அந்தக் காலத்துல?"

பதில் இல்லை. குடிமகன் என்பது பட்டம் மாதிரி ஒலித்தாலும் அது பிறப்பால் தலையில் விழுந்த ஊழியம். கூலி தானியம். பாட்டைக் கேட்டுக் கண்கலங்குகிறவர்கள் பந்தியில் அவரைத் தங்கள் வரிசையில் உட்கார வைத்ததில்லை. அவர் முகத்தில் நான் பார்த்த சலிப்பின்மை, சலித்தாலும் காட்டிக்கொள்ள இடமில்லாத நிலையாகவும் இருந்திருக்கலாம். 85 எம்எம் லென்ஸில் எல்லா முகமும் சாந்தமாகத்தான் தெரியும். மரபைக் காட்டி நிகழ்காலத்தைத் திட்டுகிற கட்டுரைகள் தமிழில் நிறைய வருகின்றன, நானும் ஒன்று எழுதப் பார்த்தேன். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் வடிவம் கல்யாணத்தின் முழு நேரத்தையும் உள்ளே வைத்திருந்தது. எங்கள் வடிவம் வைக்கவில்லை. அதற்கும் சாதிக்கும் சம்பந்தமில்லை.

திலீஷ் போத்தனின் 'மகேஷிண்டெ பிரதிகாரம்' (2016) இந்த இடத்தில் உதவும் என்று நினைத்து மறுபடி பார்த்தேன். இடுக்கியில் ஸ்டுடியோ வைத்து, கல்யாணமும் சாவும் ஒரே முகத்தோடு எடுக்கும் மகேஷ். போட்டோ எடுக்க வந்த பெண், உனக்குப் போட்டோ எடுக்கவே தெரியவில்லை என்கிறாள். அதன்பிறகுதான் அவன் பார்க்கக் கற்றுக்கொள்கிறான். அழகான படம், தமிழில் 'நிமிர்' என்று வந்தபோது அந்த நிதானம் வரவில்லை. ஆனால் மகேஷின் பிரச்சினை தெரியாமை. எங்கள் பிரச்சினை நன்றாகத் தெரிந்துபோனது. அதற்கு மருந்து அந்தப் படத்தில் இல்லை.

எதிர்பாராத இடத்தில் ஒன்று கிடைத்தது. 2020, ஊரடங்கு. கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று சட்டம். அவிநாசி பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் கல்யாணம். வர முடியாத சொந்தங்களுக்கு லைவ் போட வேண்டும். நெட்வொர்க் இரண்டு கேமராவைத் தாங்காது. நண்பன் ஒரே ஒரு கேமராவை ட்ரைபாடில் வைத்து, வைட் ஷாட்டில் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். மூன்று மணி நேரம். ஃபோகஸ் இழுக்க ஒன்றுமில்லை. சத்தம் உள்ளது உள்ளபடி போகிறது: மேளம், கோழி, யாரோ காபி கேட்பது. பெண்ணின் அம்மிச்சிக்குப் பெருந்துறையிலிருந்து வர முடியவில்லை. போனில் பார்த்துக்கொண்டிருந்தவர் மேடையில் இருந்த பேரனைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "கண்ணு, அந்தக் கேமராக்காரத் தம்பிகிட்ட, கொஞ்சம் இந்தப்பக்கம் திருப்பச் சொல்லு, உங்கத்தை தெரியமாட்டீங்குது." நண்பன் எழுந்து பத்து டிகிரி திருப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

"மூணு வருசத்துல அன்னைக்குத்தான்டா நான் ஒரு கல்யாணத்தப் பாத்தேன்" என்றான்.

லைவுக்குக் கிடைத்த பணம், ஹைலைட்ஸுக்கு வாங்குவதில் கால்பங்குகூட இல்லை. கட்டுப்பாடுகள் போனதும் அவன் ட்ரோனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இஎம்ஐ இருக்கிறது. ஒப்பந்தத்தில் மட்டும் ஒரு வரி சேர்த்திருக்கிறான்: சீர்கள் முழுவதும் ஒரே கேமராவில், வெட்டாமல், ஒலியோடு, தனி ஃபைலாகத் தரப்படும். பெரும்பாலானவர்கள் அதைக் கேட்டு வாங்குவதில்லை, ஹார்டு டிஸ்க்கில் கிடக்கிறது. தை மாதம் ஆள் பற்றாக்குறை வந்தால் இப்போதும் என்னைக் கூப்பிடுகிறான். நான் ட்ரைபாட் கேமராவுக்குத்தான் போகிறேன்.

போன மாதம் பழைய டிஸ்க்குகளைச் சுத்தம் செய்யும்போது காங்கேயம் ஃபோல்டர் வந்தது. அந்த முதல் கிளிப் இன்னும் இருக்கிறது. அது ஸ்லோமோஷன் இல்லை, 25 ஃப்ரேம், 11 நொடி. வாழையிலையின் நரம்பெல்லாம் தெரிகிறது. பின்னால் ஒரு வெள்ளை வேட்டி, அசைந்து முகத்துக்குப் போகும் ஒரு துண்டு. ஒலி இருக்கிறது. மங்கல வாழ்த்தில் ஒரு அடி முடிந்து மேளம் தட்டும் இடம். அதன்மேல், மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், என் குரல்: "ஏனுங்க."